பதின்பருவத்தினருக்கான 8 வாரத் தன்மதிப்புப் பயிற்சி: ஒரு தந்தையின் மதிப்பீடு

விடை தெரிந்திருந்தும் வகுப்பில் கை தூக்குவதே இல்லை என்று என் 14 வயது மகளைப் பற்றி அவளுடைய ஆசிரியை சொன்ன பிறகு, பதின்பருவப் பிள்ளைகளுக்கென இணையவழியில் நடத்தப்படும் தன்மதிப்புப் பயிற்சி ஒன்றில் அவளைச் சேர்த்தேன். 8 பிள்ளைகள் கொண்ட குழுவுடன் வாரம் ஒரு காணொளிச் சந்திப்பு, வீட்டில் நிரப்ப ஒரு பயிற்சி ஏடு, பெற்றோருக்கு மாதம் ஒரு கூட்டம் என்பதே அதன் அமைப்பு. பயிற்சி முடிந்து மூன்று மாதங்கள் கழித்து இதை எழுதுகிறேன். முடிந்த கையோடு எழுதியிருந்தால் சற்றுக் கூடுதலாகவே புகழ்ந்திருப்பேன்.

முதல் இரண்டு வாரங்கள் வீண் என்றே சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று "நான் அழகானவள், நான் திறமைசாலி" என்று நாள்தோறும் பத்து முறை சொல்ல வேண்டுமாம். மூன்றாம் நாளே, "அப்பா, எனக்கு நானே பொய் சொல்ற மாதிரி இருக்கு" என்று நிறுத்திவிட்டாள். அவள் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆனால், தன்மதிப்புக் குறைந்தவர்கள் இத்தகைய வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவர்களுடைய மனநிலை மேலும் தாழ்கிறது என்று, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2009இலேயே ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். பயிற்சியை வடிவமைத்தவர்கள் இதை அறியாமல் இருந்திருக்க முடியாது.

மூன்றாம் வாரத்திலிருந்து தரம் மாறியது. ஏட்டில் ஒரு வட்டம் வரைந்து, படிப்பு, நட்பு, தோற்றம், விளையாட்டு, நடத்தை ஆகியவற்றில் எதை வைத்துத் தன்னை எடைபோடுகிறோமோ அதற்கேற்ப அதைப் பங்கிடச் சொன்னார்கள். மதிப்பெண்தான் அவளை வாட்டுகிறது என்று நான் நம்பியிருக்க, வட்டத்தில் பாதிக்கு மேல் தோற்றத்துக்கு ஒதுக்கியிருந்தாள். இந்த வயதில் ஒட்டுமொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாகப் பிணைந்திருப்பது தோற்றம் பற்றிய எண்ணமே என்பது உளவியலாளர் சூசன் ஹார்ட்டரின் ஆய்வுகளில் தெரியவந்த செய்திதான். என் வீட்டில் அதைப் பென்சில் கோடாகப் பார்த்தபோதுதான் உறைத்தது.

எல்லோரும் தன்னையே உற்றுப் பார்ப்பதாகப் பதின்பருவத்தினர் கற்பனை செய்துகொள்வதை உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் விளக்கினார். அதைப் பாடமாக நடத்தாமல், என் மகளிடம் மட்டும் தனியே சொல்லி, சட்டையைப் புரட்டிப் போட்டுக்கொண்டு சந்திப்புக்கு வரச் செய்தார் பயிற்றுநர். மற்ற ஏழு பேரில் ஐவராவது கவனித்திருப்பார்கள் என்று கணக்கிட்டாள். கவனித்தது ஒரே ஒருவன். கழுத்தோரத் தையல் வெளியே தெரிய, அன்று மாலை முழுவதும் அதே சட்டையோடு வீட்டில் வளையவந்தாள்.

பெற்றோர் கூட்டம் எனக்கானது என்று முதலில் தோன்றவில்லை. அறிவைப் புகழ்ந்து பழக்கிய பிள்ளைகள், முயற்சியைப் பாராட்டப்பெற்ற பிள்ளைகளைவிட ஒரு தோல்விக்குப் பின் விரைவில் சோர்ந்துவிடுகிறார்கள் என்று முல்லர், ட்வெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வை அங்கே விளக்கினார்கள். அடுத்த முறை அவள் தன் கையையே பார்த்து வரைந்த ஓவியத்தைக் காட்டியபோது, "கெட்டிக்காரி" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, விரல் மடிப்பில் நிழலை எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று முறை அழித்த கதையைச் சொன்னாள்.

இனி என் மனக்குறை. மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட, 10 கூற்றுகள் கொண்ட தன்மதிப்பு அளவுகோலை வாரந்தோறும் நிரப்பவைத்து, கிடைத்த மதிப்பெண்ணை வரைபடமாக்கிப் பெற்றோரின் செயலிக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில்லை. ஆறாம் வாரம் என் கைப்பேசியில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்ட மகள், ஏழாம் வாரம் பத்துக் கூற்றுகளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும் விடைகளையே தெரிவு செய்தாள். கோடு உச்சிக்குப் போயிற்று. நிறுவனத்திலிருந்து எனக்கு வாழ்த்துச் செய்தி வந்தது! எழுதிக் கேட்ட பிறகு வரைபடத்தை அணைத்துவைக்கும் வசதியைக் காட்டினார்கள், ஆனால் சேரும்போது அது இயங்கும் நிலையிலேயே இருக்கிறது. சேர்ப்பவர்கள் முதல் நாளே அதை அணைத்துவிடுவது நல்லது.

நீடித்த சோர்வு, உணவை வெறுத்தல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருந்தால் மருத்துவரையே நாட வேண்டும், இப்பயிற்சி அதற்கு மாற்றாகாது என்று விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருப்பது நேர்மையானது. தயக்கமும் ஒப்பீட்டு ஏக்கமும் உள்ள பிள்ளைகளுக்கு, முதல் இரண்டு வாரங்களைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடுத்த நிலைக்கு எங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. முடிவை மகளிடமே விட்டேன். வாரந்தோறும் நிரப்பிய அந்தத் தன்மதிப்பு அளவுகோலை இனி நிரப்ப வேண்டியதில்லை என்று அவர்கள் எழுதித் தந்தால் சேர்வதாகச் சொல்லியிருக்கிறாள்.