டர்போ செடான் இரண்டு, பதினேழு வயது பாக்ஸ்டர் ஒன்று

நண்பர் ஒருவர் தன் 2008 போர்ஷே பாக்ஸ்டரை விற்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 நிற்கிறது, 2020-இல் இந்தியாவுக்கு வந்ததே மொத்தம் 200தான், அதில் ஒன்று. பெரியப்பா மகன் பி.எம்.டபிள்யூ எம்340ஐ வைத்திருக்கிறார். "கையில நல்ல வண்டி இருக்கும்போது பழசு எதுக்குடா, தலைவலிய காசு குடுத்து வாங்குவியா?" என்று அந்த அண்ணன் ஒரே போடாகப் போட்டார். சரி, மூன்றையும் ஒரே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து ஏலகிரிக்குக் கிளம்பினோம். மூன்று பேர், மூன்று வண்டி, வழியில் மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு.

முதலில் காகிதக் கணக்கை முடித்துவிடுகிறேன். எம்340ஐ-யில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், ஒரு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. நூறைத் தொட 4.4 விநாடி. 2021-இல் வந்தபோது ஷோரூம் விலை 62.9 லட்சம், அசெம்பிள் ஆவது நம்ம செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில். என் ஆக்டேவியா இரண்டு லிட்டர் டர்போ, 245 குதிரைத்திறன், 370 டார்க், 6.6 விநாடி, அப்போது விலை 35.99 லட்சம். பாக்ஸ்டர் 2.7 லிட்டர், டர்போ கிடையாது, அதே 245 குதிரைத்திறன், ஆனால் டார்க் வெறும் 273, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,600 சுற்றுக்கு மேலே போனால்தான் முழுதாக வரும். ஐந்து கியர் மேனுவல். எடை ஏறக்குறைய 1,300 கிலோ. எம்340ஐ 1,700-ஐ ஒட்டி. இந்த நானூறு கிலோ வித்தியாசத்தை மட்டும் மனதில் வையுங்கள்.

பூந்தமல்லி தாண்டி வேலூர் வரைக்கும் பாக்ஸ்டர் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. துணிக் கூரை, அதன் வழியே லாரி சத்தம், இடுப்புக்குக் கீழே ரோடு. ஒவ்வொரு லாரியின் சக்கரமும் நம் காது உயரத்துக்கு வந்து போகிறது. எம்340ஐ-யில் அதே தூரம் சோபாவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட மாதிரி. ஓவர்டேக் செய்ய வேண்டுமா, வலது கால் பெருவிரலை லேசாக அமுக்கினால் போதும், கியர்பாக்ஸ் தானே இரண்டு கியர் இறக்கி, நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் பஸ் பின்னால் போயிருக்கும். ஆக்டேவியாவும் அப்படித்தான், 1,600 சுற்றிலேயே முழு டார்க்கும் வந்துவிடுவதால் 80-லிருந்து 100-க்குப் போவது ஒரு விஷயமே இல்லை. பாக்ஸ்டரில் அதே வேலைக்கு ஐந்திலிருந்து மூன்றுக்குக் கியரை இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டு, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தோற்கிறது, சந்தேகமே வேண்டாம். அண்ணன் ஆம்பூரில் டீ குடிக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பெட்ரோல் பங்க்கில் ஒரு சின்ன வேடிக்கை. பாக்ஸ்டருக்கு டேங்க் மூடி முன்பக்க வலது மட்கார்டில் இருக்கிறது, அதைப் பார்த்ததுமே பையன் குழம்பிவிட்டான். "அப்ப இன்ஜின் பின்னாடியா சார்?" என்றான். நண்பர் பின்னால் திறந்து காட்டினார், டிக்கி. முன்னால் திறந்து காட்டினார், அதுவும் டிக்கி. "இன்ஜின் எங்க சார்?" என்று குனிந்து அடியில் பார்த்தான். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே, ஒளிந்துகொண்டிருக்கிறது. ஓனருக்கே அது கண்ணில் படாது. ஆயிலும் கூலண்ட்டும் ஊற்ற இரண்டு மூடி பின் டிக்கியில் தெரியும், அவ்வளவுதான். ஆறு சிலிண்டர்களும் மூன்று மூன்றாக இரண்டு பக்கமும் படுத்துக் கிடப்பதால் எடை முழுதும் தரையை ஒட்டி, வண்டியின் நடுவயிற்றில் இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். மலையடிவாரத்துப் பொன்னேரி தாண்டி மலை ஏறிய பிறகுதான் புரிந்தது.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. கம்பர், கபிலர், பாரி, பேகன் என்று புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். முதலில் எம்340ஐ. வளைவிலிருந்து வெளியே வந்ததும் மிதித்தால் நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டு முதுகை சீட்டில் அறைகிறது, அடடா என்று நினைப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது, உடனே பிரேக். மறுபடி மிதி, மறுபடி பிரேக். வண்டியின் திறமையில் கால்வாசியைக்கூட நான் தொடவில்லை, தொடவும் முடியாது, எதிரே டவுன் பஸ் வருகிறது, ஓரத்தில் குரங்குக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் துல்லியம்தான், குறை சொல்ல முடியாது, ஆனால் டயர் எதன்மேல் போகிறது என்பது கைக்கு வந்து சேரவே இல்லை. சத்தமும் கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாகச் சேர்த்துத் தருவதுதான். நல்ல சத்தம், ஆனால் அது தெரிந்த பிறகு பாயசத்தில் எசன்ஸ் ஊற்றியதைக் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஆக்டேவியா என் வண்டி, பாரபட்சம் இருக்கும், சொல்லிவிடுகிறேன். முன்சக்கர இழுவைக்கு இது அசாத்தியமாக வளைகிறது. ஆனால் டர்போவுக்கே உரிய அந்த அரை மூச்சுத் தயக்கம் மலையில் நன்றாகத் தெரியும். காரணம் எளிது: இன்ஜின் புகை போய் டர்பைனைச் சுழற்ற வேண்டும், டர்பைன் காற்றை அழுத்த வேண்டும், அந்தக் காற்று குளிர்ந்து இன்ஜினுக்குள் போக வேண்டும். நெடுஞ்சாலையில் கவனிக்கவே மாட்டீர்கள். வளைவின் நடுவே வண்டியைக் காலால் பிடித்து ஓட்டும்போது, கால் ஒன்று சொல்லி இன்ஜின் சற்றுத் தாமதமாகப் பதில் சொன்னால், ஒரு நூலளவு நம்பிக்கை குறைகிறது.

அப்புறம் பாக்ஸ்டர். கூரையைக் கீழே இறக்கப் பன்னிரண்டு விநாடி. காலை நேரம், மலையில் ஈரக் காற்று. இரண்டாவது கியரில் போட்டதுதான், மேலே போய்ச் சேரும்வரை பெரும்பாலும் அதிலேயேதான். ஊசி ஏறி ஏறி இறங்குகிறது, கால் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு மட்டும் இன்ஜின் அசைகிறது, சத்தம் முதுகுக்குப் பின்னால் அரையடி தள்ளி வெறும் இரும்பின் சத்தம். கபிலர் வளைவில் ஓரமாகக் கொஞ்சம் மணல் கிடந்தது. எம்340ஐ-யிலும் அதே மணலைத் தாண்டியிருப்பேன், தெரியவில்லை. இதில் முன் டயர் மணலைத் தொட்டதும் ஸ்டீயரிங் விரல் நுனியில் ஒரு கணம் லேசானது, டயர் தாண்டியதும் மறுபடி கனத்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங், 2012-இல் வந்த அடுத்த பாக்ஸ்டரிலேயே அது போய் மின்சார ஸ்டீயரிங் வந்துவிட்டது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன், 52. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் எனக்கு வியர்த்திருந்தது. எம்340ஐ-யில் இந்த அளவு சந்தோஷம் வேண்டுமென்றால் 150-இல் போக வேண்டும், அதற்கு நம் ஊரில் ரோடும் இல்லை, சட்டமும் விடாது.

உயரம் ஏற ஏற டர்போ இல்லாத இன்ஜின் மூச்சு வாங்கும் என்பார்கள். உண்மைதான், ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போகும். டர்போ வண்டி இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். ஏலகிரி ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தெரியும்.

இனி கசப்பான பக்கம். மேலே ஒரு ரிசார்ட் வாசல், பெயின்ட் அடிக்காத வேகத்தடை. பாக்ஸ்டரின் முன் உதடு கர்ர்ர் என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், நண்பர் முகம் சுருங்கிவிட்டது. குறுக்காக ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான். ஆக்டேவியாவும் தாழ்ந்த வண்டிதான், ஆனால் அது பிழைத்துக்கொள்ளும். அடுத்தது இன்ஜினின் இடைத்தண்டு பேரிங், ஐ.எம்.எஸ். என்பார்கள், இந்தத் தலைமுறை போர்ஷே வாங்க நினைப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பூதம். உடைந்தால் இன்ஜினே போச்சு. 2006-க்குப் பிறகு வந்த இன்ஜின்களில் பேரிங் பெரியது, உடைவது குறைவு, ஆனால் மாற்ற வேண்டும் என்றால் இன்ஜினை இரண்டாகப் பிளந்துதான் ஆக வேண்டும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி, நண்பர் ஒவ்வொரு முறையும் பார்த்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், அந்த ஒரு விஷயத்துக்காகவே அவரிடம் வாங்கலாம். போதாக்குறைக்கு எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல்; 2008-இல் அதை நினைத்துச் செய்த ரப்பர் குழாய்கள் அல்ல இவை. 100 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல். பதினைந்து வருடம் முடிந்ததால் ஆர்.சி. புதுப்பித்தது, பசுமை வரி கட்டியது எல்லாம் தனிக் கதை. கூரைத் தண்ணீர் வடியும் துளைகளில் வேப்பம்பூ அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்துக்கு முன் கம்பி விட்டுக் குத்த வேண்டும். இரண்டே சீட். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "பாப்பா எங்கங்க உக்காருவா?"

ஆகவே ஒரே ஒரு வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு டர்போ செடான் வாங்குங்கள், காசு இருந்தால் எம்340ஐ, இல்லையென்றால் நன்றாகப் பார்த்துக்கொண்ட பழைய ஆக்டேவியா ஆர்.எஸ். குடும்பம், மழை, அலுவலகம், சேலம் கல்யாணம், எல்லாவற்றுக்கும் அது வரும். இரண்டாவது வண்டிக்கு இடமும் பொறுமையும் இருந்தால் மட்டும் பாக்ஸ்டர் பக்கம் போகலாம். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், 2016-இல் பாக்ஸ்டருக்கே நான்கு சிலிண்டர் டர்போ வைத்தார்கள், வேகம் கூடியது, சத்தத்தைப் பற்றிப் புலம்பாத ஆள் இல்லை, கடைசியில் மேல் ரகத்தில் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இறங்கும்போது அண்ணன், "வேலூர் வரைக்கும் அத நான் ஓட்டுறேன், சும்மா பாக்கலாம்" என்று பாக்ஸ்டர் சாவியை வாங்கினார். எம்340ஐ-யில் நண்பர், பின்னால் ஆக்டேவியாவில் நான். வேலூர் வந்தது, வண்டி நிற்கவில்லை. வாலாஜா வந்தது, நிற்கவில்லை. மே மாத வெயிலில் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் டோல் வரை ஓட்டி, தக்காளி மாதிரி சிவந்த மூஞ்சியோடு இறங்கினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன விலை சொல்றீங்க தம்பி?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டுவிட்டது.