மன்னார்குடி வட்டத்தில் பூட்டனாரைத் தேடியபோது: அலுவலகங்களும் ஆவணங்களும்

மலேசியாவிலிருந்து பூர்விக ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குலதெய்வத்தின் பெயரையும் பழைய கடித உறை ஒன்றையும் நம்பித்தான் புறப்படுகிறார்கள். என்னிடமும் அவ்வளவே இருந்தன. என் பூட்டனார், அதாவது என் அப்பாவின் தாத்தா, 1926 வாக்கில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோகும் கங்காணி ஒருவரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஊரில் ஒரு மனைவியையும் ஒரு மகனையும் விட்டுவிட்டு வந்து, தோட்டத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவர். அந்த இரண்டாவது குடும்பத்தின் வழியில் வந்தவன் நான். முதல் குடும்பம் என்னவாயிற்று, அவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்ற இரண்டு கேள்விகளோடுதான் இந்தப் பயணத்தை மேற்கொண்டேன்.

புறப்படும் முன்பே ஒன்று தெளிவாகியிருந்தது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு எண் கொடுத்து, தகப்பன் பெயர், வட்டம், கிராமம் எல்லாம் கப்பல் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டு, கங்காணி முறையும் குடியேற்ற நிதியிலிருந்து வழங்கிய இலவசக் கப்பல் பயணமும் நிலைத்த பிறகு வந்த என் பூட்டனாருக்கு அப்படி எண்ணிட்ட பக்கம் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. தோட்டத்து செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகங்களில் அவர் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது எங்கள் தோட்டமும் கைமாறியது, ஆபீஸ் அறையிலிருந்த புத்தகங்கள் யாருக்கும் வேண்டாதவையாயின. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனாரின் சொந்த இடம் 'தஞ்சாவூர்' என்று மட்டுமே இருந்தது. தஞ்சாவூர் என்பது அன்றைக்கு ஒரு மாவட்டம் முழுவதும்.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் டெல்டாப் பக்கம் வேர் உள்ளவர்கள் சென்னையில் இறங்க வேண்டியதில்லை. நான் ஆவணக் காப்பகத்துக்காகச் சென்னையில் இறங்கினேன். டீக்கடை முதல் ஜெராக்ஸ் கடை வரை எல்லோரும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் செலுத்துகிறார்கள், நமக்கு அந்த வசதி எளிதில் அமைவதில்லை என்பதால் பத்து, இருபது ரூபாய்த் தாள்களை மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியமானது உள்ளூர்க் கைப்பேசி எண்: பட்டா, சிட்டா ஆகிய நில உரிமைப் பதிவு விவரங்களை இணையத்தில் பார்ப்பதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது.

தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ளது. 1909 முதல் அதே வளாகத்தில் இயங்குகிறது. அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் கடவுச்சீட்டோடும் அறிமுகக் கடிதத்தோடும் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போவது காத்திருப்பைக் குறைக்கும். அங்கே ஒருவருடைய பெயரைச் சொல்லித் தேட முடியாது என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. எந்த ஆண்டில் அரசாங்கம் எதைப் பற்றிக் கவலைப்பட்டது என்று தெரிந்தால்தான் அட்டவணைப் புத்தகத்தில் விரலை வைக்க முடியும். வாசிப்பறை ஊழியர் ஒருவர் என் சீட்டைப் படித்துவிட்டு, "ஆளைத் தேடாதீங்க சார், ஆண்டைத் தேடுங்க" என்றார். அரசு ஊழியர் ஒருவரிடமிருந்து இவ்வளவு பயனுள்ள ஆலோசனை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

அவர் சொன்னபடி ஆண்டுகளைத் தேடியபோது வீட்டில் கேட்ட கதைகள் ஒவ்வொன்றாக இடம் பிடித்தன. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்துக்குப் பின் கங்காணி உரிமச்சீட்டு வைத்திருக்க வேண்டும். தான் சேர்த்த ஆட்களைக் ஊர்த் தலைமை அதிகாரியான கிராம முன்சீப்பிடம் காட்டி, அவர்கள் போவதில் தடையில்லை என்று ஒப்பம் வாங்கியாக வேண்டும். ஆகவே பூட்டனார் 'இருட்டில் ஓடிப்போனார்' என்ற பேச்சு முழுக்கவும் உண்மையாக இருந்திருக்க முடியாது. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்து ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது; வேலையிழந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் அடுத்த சில ஆண்டுகளில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பூட்டனார் ஒரு முறை ஊருக்கு வந்து ஒரு பயிர்ப் பருவம்கூடத் தங்காமல் மறுபடியும் போனதாகச் சொல்வார்கள். 1934இல் ஆட்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது என்பதைப் படித்தபோது அந்தப் போக்குவரத்துக்கு ஓர் ஆண்டு கிடைத்தது. பிறகு 1936, 37இல் இந்திய அரசாங்கத்தின் சார்பில் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்குச் சென்று தொழிலாளர் நிலை குறித்து அறிக்கை அளித்தார்; 1938 மே மாதம் தோட்டக் கூலி ஐம்பது காசிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைக்கப்பட்டது; ஜூன் 15ஆம் நாள் உதவி பெற்றுச் செல்லும் கூலிகளின் பயணத்தை இந்திய அரசாங்கம் தடை செய்தது. தொழிலாளியின் நன்மைக்காகப் போட்ட அந்தத் தடை, ஊருக்குப் போனால் மறுபடியும் வர முடியுமோ முடியாதோ என்ற அச்சத்தையும் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், விதைத்ததாக என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய பின் அஞ்சலும் இல்லை, கப்பலும் இல்லை.

எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் மன்னை எக்ஸ்பிரஸ் விடியலில் மன்னார்குடியில் இறக்கிவிடுகிறது. ஆவணக் காப்பகத்தில் வேலை முடித்தவர் சாலையைக் கடந்து ரயிலேறினால் போதும். கடித உறையின் முகவரி 'தஞ்சாவூர் ஜில்லா, மன்னார்குடி தாலுகா' என்றிருந்தாலும் இன்று அந்த வட்டம் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது: தஞ்சாவூரிலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, அதிலிருந்து 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தின் படிகளில் நேரத்தை வீணாக்கும் பலருக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அலுவலகங்களில் எனக்குக் கிடைத்த சேவை ஒரே தரத்தில் இல்லை. ஓர் அலுவலகத்தில் சர்வே எண் இல்லாமல் பேசவே முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னோர் இடத்தில் வெளிநாட்டுக்காரர் நிலம் கேட்டு வந்திருக்கிறார் என்ற சந்தேகம் வெளிப்படையாகவே தெரிந்தது. அந்தச் சந்தேகத்தை நான் குறைசொல்ல மாட்டேன், அப்படி வருகிறவர்களும் இருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால் அந்த வழியும் நமக்கு அடைபட்டுள்ளது. சார்பதிவாளர் அலுவலகத்தில், ஒரு சொத்தின் பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று கேட்கலாம். ஆனால் சொத்தை வாங்கியவரோ விற்றவரோதான் அதில் இருப்பார், மிராசுதார் பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பம் எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பணி ஓய்வுபெற்ற தலையாரி, அதாவது கிராம உதவியாளர், ஒருவர். "பண்ணையில இருந்தவங்க பேரு செட்டில்மெண்டு கணக்குல வராது தம்பி. குடியிருப்பு பட்டா குடுத்தாங்க பாருங்க, அப்பதான் முதல்முதலா ஏட்டுல ஏறுச்சு" என்றார். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனை உரிமையாக்கப்பட்டது. காலனி அரசாங்கம் வரி கட்டியவனைத்தான் எழுதியது. வரி கட்ட நிலமில்லாதவனைக் கப்பல் துறையில் கணக்குக்காக எண்ணியது. எனவே காலனிக் காலத்து மனிதரைக் காலனிக் காலத்து ஏடுகளிலேயே தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. நிலமற்ற குடும்பத்தைத் தேடுகிறவர் 1970களின் பதிவேடுகளிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் என் நோக்கத்தை எழுதி வாங்கிக்கொண்ட பின் பொறுமையாக உதவினார். 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கைமாறிய கட்டுகளில் எலி தின்றதுபோக மிஞ்சியவற்றுள், குடியிருப்பு மனை வழங்கிய பட்டியலும் இருந்தது. அதில் ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில் 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தில் என் பூட்டனாரின் பெயர், எங்கள் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள அதே அடைமொழியோடு. இந்திய ஆவணமொன்றில் அவர் பெயரை நான் கண்டது அங்கேதான், அதுவும் அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட ஏட்டில், ஊரில் விட்டுவந்த மகனுக்குத் தகப்பனாக.

அந்த மகனின் மகள், எனக்கு அத்தை முறை, இப்போதும் அதே மனையில் வசிக்கிறார். என்னை உட்கார வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "மனையில பங்கு கேட்டு வந்தியா தம்பி?" என்பதுதான். இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்த தாளின் படத்தைக் காட்டிய பிறகே பேச்சு வளர்ந்தது. மலேசியாவில் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி, பூட்டனாரை 1943இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை என்பது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மடிந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்கு அத்தகைய வரிசை இல்லை. அந்தச் செய்தி இந்த வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. "அங்கேயே ஒருத்தியோட இருந்துட்டாருன்னுதான் நெனச்சோம். எங்க அப்பாயி சாகுற வரைக்கும் தாலிய கழட்டல" என்றார் அத்தை. இருந்துவிட்டார் என்பதும் உண்மை, திரும்ப வழியில்லாமல் போனது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுகளை வரிசையாகச் சொன்னேன்.

நாகப்பட்டினத்துக்கு அத்தையின் மகன்தான் காரில் அழைத்துப் போனார். அக்காலத்தில் பெருங்கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் ஆட்களைக் கொண்டுபோய் ஏற்றினார்கள். 1973 வரை ஓடிய ரஜூலா என்ற பயணிகள் கப்பலைப் பற்றிக் கேட்டால் அங்குள்ள முதியவர்களின் முகம் மலர்கிறது. 2023இல் இலங்கைக்குத் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பலை வைத்து இப்போதைய பயணிகள் முனையம் இயங்குகிறது. கூலிகள் காத்திருந்த கிடங்கைக் காட்டும் பலகை எதையும் நான் பார்க்கவில்லை; துறைமுகத்தில் அதற்கொரு சிறு அறிவிப்பாவது வைத்தால் மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நின்று பார்க்க ஓர் இடம் கிடைக்கும்.

வம்சாவளி தேடித் தருவதாகக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களைப் பற்றி ஒரு சொல். எனக்கு ஒருவர் அனுப்பிய 'குடும்ப மரத்தில்' என் பூட்டனாரின் ஊர் வேறு மாவட்டத்தில் இருந்தது, ஆதாரம் கேட்டபோது பதில் நின்றுபோனது. அந்தப் பணத்தை ஓர் உள்ளூர் ஓட்டுநருக்கும் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியருக்கும் கொடுத்தால் இதைவிட மேலான வேலை நடக்கும்.

பட்டியலின் சான்றிட்ட நகலை அயல்நாட்டவனான என் பெயரில் பெற இயலாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். மனையின் வாரிசு என்ற முறையில் அத்தை விண்ணப்பித்திருக்கிறார். இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டிய ரசீது அவருடைய மகனிடம் உள்ளது. நகல் வந்ததும், பூட்டனாரின் இறப்பைப் பதிவு செய்ய வழியுண்டா என்று மலேசியத் தேசியப் பதிவிலாகாவில் விசாரிக்கப்போகிறேன். அந்தத் தாள் கிடைத்தால் அதில் ஒரு பிரதி தனக்கும் வேண்டும் என்று அத்தை கேட்டிருக்கிறார்.