இரும்பையே தூக்கும் பசை, என் பம்பரில் பிடிக்கவில்லை

என் காரின் முன்பக்க பம்பரின் மூலையில் விரிசல் விட்டிருந்தது. "புது பம்பர் எதற்கு? வெளிநாட்டுப் பசை இருக்கிறது, இரும்பையே தூக்கும்" என்று பட்டறைக்காரர் அடித்துச் சொன்னார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். வண்டி கைக்கு வந்தபோது விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று இருந்தது. வேகத்தடைகளில் ஏறி இறங்கியதும் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு விழுந்தது. பிறகு வண்டியைக் கழுவும்போது அந்த இடம் பட்டியோடு சேர்ந்து வாய் பிளந்துவிட்டது.

உள்ளே பூசியிருந்தது சாதாரண உடனடிப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட். முழுப் பட்டையாக உரிந்து வந்தது. பம்பர் பக்கம் ஒரு துளிகூட மிச்சமில்லை. இதைக் கவனியுங்கள். பசை நடுவில் பிய்ந்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் பசைக்கு வலு போதவில்லை எனலாம். ஒரு பக்கம் சுத்தமாக விட்டுவந்தால் அது தொடக்கத்திலிருந்தே அங்கே பிடிக்கவில்லை.

பிடிக்காததில் வியப்பில்லை. இன்றைய கார் பம்பர்களில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குடன் ரப்பர் கலந்து வார்த்தவை. பின்புறம் பார்த்தால் 'பிபி', 'இபிடிஎம்', 'டி20' போன்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிபி என்பது பாலிபுரோப்பிலீன், இபிடிஎம் அந்த ரப்பர், டி20 என்பது 20 சதவீதம் டால்க் தூள், கிரிக்கெட்டுக்குத் தொடர்பில்லை. இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு எதையும் எளிதில் ஏற்காது. தண்ணீர் விட்டால் பரவாமல் முத்துமுத்தாக நிற்கும். பசைக்கும் அதே கதிதான். தவிர, உடனடிப் பசை இறுகினால் வளையாது, பம்பரோ வளைவதற்கென்றே செய்யப்பட்டது. இரும்பில் இழுத்துப் பார்த்த வலுவை இங்கே சொல்வது ஏமாற்று வேலை.

முறையாகச் செய்பவர் முதலில் அந்த எழுத்துகளைத்தான் தேடுவார். சோப்புத் தண்ணீரிலும் பிறகு ஆல்கஹாலிலும் மெழுகும் எண்ணெயும் போகக் கழுவுவார். விரிசலின் முனையில் சிறு துளையிடுவார். அது மேலும் ஓடாமல் இருக்க. விளிம்பை 'வி' வடிவில் சீவி, முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, பாலிபுரோப்பிலீனுக்கான பிரைமரை, அதாவது பசை பிடிக்க உதவும் அடிப்பூச்சைத் தெளித்து, அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பசையைப் போடுவார். பின்புறம் வலை வைத்து வலுவூட்டுவார். அல்லது அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்வார். சாதாரண எப்பாக்சிப் பசையும் பிரைமர் இல்லாமல் இதில் உரிந்துவிடும்.

பட்டறைக்காரரிடம் உரிந்த பட்டையைக் காட்டினேன். "ஓட்டியது நீங்கள்தானே" என்றார். உத்தரவாதம் பெயின்ட்டுக்கு மட்டுமாம். ரசீதிலும் 'பம்பர் வேலை' என்ற இரண்டு சொற்கள்தான். பசையின் பெயரே இல்லை. வேறு இடத்தில் வெல்டிங்குக்குக் கொடுத்தபோது, பழைய பட்டி படிந்த விளிம்பை நெடுகச் செதுக்கிய பிறகே வேலை தொடங்கியது. அதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்தேன்.

ஆகவே வண்டியை விடும் முன் பசை டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பாலிபுரோப்பிலீன் என்ற பெயர் இருக்கிறதா, பிரைமர் கேட்கிறதா என்று படியுங்கள். பசையின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பம்பருக்குப் பின்னால் ரேடார் உணரி உள்ள கார் என்றால், அந்தப் பகுதியில் பட்டியும் தடித்த பெயின்ட்டும் அதன் பார்வையைக் கெடுக்கக்கூடும். அங்கே ஒட்டுவேலை கூடுமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டே சாவியைக் கொடுங்கள்.