சஃபாரி தீம் பர்த்டே கிட் ரிவ்யூ: சுவருக்கு ஓகே, ஆனா பசங்க விளையாடுறது தரையில தான்

பொண்ணுக்கு போன வாரம் 4 வயசு முடிஞ்சுது. ரெண்டு மாசமா "எனக்கு ஒட்டகச்சிவிங்கி பர்த்டே தான் வேணும்"னு ஒரே பிடிவாதம், அதனால ஆன்லைன்ல ஒரு சஃபாரி தீம் கிட் ஆர்டர் பண்ணேன். வாங்கறதுக்கு முன்னாடி நிறைய ரிவ்யூ படிச்சேன், எல்லாத்துலயும் "சூப்பர்", "போட்டோல இருக்க மாதிரியே இருக்கு"ன்னு தான் இருந்துச்சே தவிர பார்ட்டி அன்னிக்கு எது உதவுச்சு எது உதவலன்னு யாருமே எழுதல, அதான் நான் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன். வந்த குட்டீஸ் மொத்தம் 11 பேர், சின்னவனுக்கு 2 வயசு, பெரியவளுக்கு 6.

கிட்ல இருந்தது: ஒரு பேக்ட்ராப் துணி, 110 பலூன், கைப்பம்ப், செயற்கை இலைங்க, 12 மிருக முகமூடி, கேக் டாப்பர், வால் ஒட்டற கேம் போஸ்டர், காலடித்தடம் போட்ட அட்டை 24, அப்புறம் ஒரு பை நிறைய குட்டி குட்டி பிளாஸ்டிக் மிருகம்.

பேக்ட்ராப் நல்லா இருக்கு. பிரிண்ட் தெளிவா இருக்கு, கலர் போட்டோல அடிக்கல. மடிச்சு வந்ததால கோடு கோடா இருந்துச்சு, திருப்பிப் போட்டு கம்மி சூட்டுல அயர்ன் பண்ணதும் போயிடுச்சு (பிரிண்ட் பக்கம் தேய்ச்சிடாதீங்க). இதைப் பத்தி வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

பலூன் தான் பெரிய வேலை. 110 பலூனை அந்த கைப்பம்ப்ல நானும் என் தம்பியும் மாத்தி மாத்தி ஊதினோம், கை கழண்டுடுச்சு, யார்கிட்டயாவது எலக்ட்ரிக் பம்ப் இருந்தா கேட்டு வாங்கிக்கோங்க. எல்லாத்தையும் ஒரே சைஸ்ல ஊதாதீங்க, ஆர்ச் தட்டையா பார்க்க நல்லாவே இருக்காது. பெருசு, நடுத்தரம் ரெண்டையும் கலந்து கட்டிட்டு நடுவுல தெரியற இடைவெளியில 5 இன்ச் பலூனை ஒட்டினா தான் புதர் மாதிரி அடர்த்தியா வரும், அதுக்கு மேல இலையை சொருகினா இன்னும் அழகு. கூட வந்த பசை புள்ளிங்க மட்டும் சரியில்ல, ராத்திரி ஒட்டினது காலையில பாதி கீழ கிடந்துச்சு, மறுபடியும் டபுள் சைடு டேப் போட்டோம். ஆர்ச்சை முதல்ல ஜன்னல் பக்கம் வச்சிருந்தோம், வெயில் ஏறினதும் உள்ள இருக்க காத்து விரிஞ்சு டப் டப்னு 9 பலூன் போயிடுச்சு, அப்புறம் தான் உள்பக்க சுவருக்கு மாத்தினோம்.

பலூன் வெடிச்சா உடனே கீழ கிடக்கற துண்டை பொறுக்கிடுங்க, இதை தயவுசெஞ்சு லைட்டா எடுத்துக்காதீங்க. ஊதாத பலூனோ வெடிச்ச துண்டோ குழந்தை வாயில போட்டா தொண்டையில அப்படியே படிஞ்சு மூச்சை அடைச்சிடும். அமெரிக்காவுல 1994ல வந்த சட்டத்துப்படி, 8 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு ஆபத்துன்னு பலூன் பாக்கெட்டுலயே எச்சரிக்கை போட்டே ஆகணும். இந்த கிட்லயும் போட்டிருக்காங்க, ஆனா பாக்கெட்டோட பின்பக்கம் பொடி எழுத்துல. முன்பக்கம் பெருசா போட்டிருக்கணும், இதுக்கே நான் ஒரு ஸ்டார் குறைக்கறேன்.

அந்த குட்டி பிளாஸ்டிக் மிருகங்களும் அப்படித்தான். டாய்லெட் பேப்பர் சுருட்டி வர்ற அட்டைக்குழாய் இருக்குல்ல, அது வழியா ஒரு பொம்மை விழுந்துச்சுன்னா 3 வயசுக்கு கீழ இருக்க குழந்தை கையில அதைக் கொடுக்கக்கூடாது. நான் ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன், குரங்கும் முதலையும் சர்ருனு விழுந்துடுச்சு. 2 வயசு பையன் வர்றான்னு தெரியும்ங்கறதால அந்தப் பையையே பரண் மேல தூக்கிப் போட்டுட்டேன். வீட்ல சேர்த்து வச்சிருந்த மத்த அட்டைக்குழாய்ங்களை ரெண்டு ரெண்டா ஒட்டி கயிறு கட்டி பைனாகுலர் ஆக்கிட்டேன், இது கிட்ல கிடையாது, ஆனா பசங்க கழுத்தை விட்டு கழட்டவே இல்ல.

முகமூடி பார்க்க அழகு, போட்டுக்க கஷ்டம். எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் பின் அடிச்சு மாட்டியிருக்காங்க, பின்னோட முனை உள்பக்கம் கன்னத்துல படற மாதிரி நீட்டிட்டு இருந்துச்சு. எல்லா பின்னையும் பிடுங்கிட்டு கீழ ஒரு ஐஸ் குச்சி ஒட்டி கையில பிடிச்சுக்கற மாதிரி மாத்திட்டேன். அப்படி மாத்தினது எவ்வளவு நல்லதுன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது. அந்த 2 வயசு குட்டியோட அம்மா விளையாட்டா சிங்க முகமூடியை முகத்துக்கு நேரா பிடிச்சாங்க, அவன் ஒரு செகண்ட் அப்படியே பார்த்தான், உதடு பிதுங்குச்சு, அப்புறம் ஒரே அழுகை. அவங்க உடனே முகமூடியை இறக்கி மடியில மல்லாக்க வச்சுட்டு ஒண்ணுமே பேசாம இருந்தாங்க, அவனே மெதுவா விரலை கண்ணு ஓட்டைக்குள்ள விட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, விரலை ஆட்டிப் பார்த்து, அப்புறம் தானா சிரிச்சான். சின்னப் பசங்களுக்கு முகம் மறைஞ்சாலே பயம் வந்துடும், அதனால நம்ம முகத்துல வைக்கறதுக்கு முன்னாடி அவங்க கையில கொடுத்துடுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சஃபாரின்னா சுவாஹிலி மொழியில பயணம்னு தான் அர்த்தம். பயணம்னா நடக்கணும், தேடணும், குனிஞ்சு பார்க்கணும். ஆனா கிட்ல முக்கால்வாசி சாமான் சுவத்துல மாட்டறதுக்கு தான் இருக்கு, பெரியவங்க வந்து "வாவ்"னு சொல்லி போட்டோ எடுத்துப்பாங்க, பசங்க அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க. 11 பேரையும் கட்டிப் போட்டது அந்த 24 காலடித்தட அட்டைங்க தான், கிட் பேஜ்ல அதுக்கு ஒரு போட்டோ கூட இல்லங்கறது தான் ஆச்சரியம்.

யானை, சிங்கம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, ஒவ்வொண்ணுக்கும் 6 அட்டை. வாசல்ல இருந்து ஹால், ஹால்ல இருந்து பெட்ரூம், கட்டிலுக்கு அடியில, பீரோ பக்கம்னு நாலு வழியா ஒட்டி, ஒவ்வொரு வழியோட முடிவுலயும் அந்த மிருகத்தோட படத்தை ஒளிச்சு வச்சேன். வரிக்குதிரைக்கு ஒத்தைக் குளம்பு, ஒட்டகச்சிவிங்கிக்கு ரெண்டா பிளந்த குளம்பு, யானைக்கு பெரிய வட்டம், இதை மட்டும் முன்னாடியே ஒரு தடவை காட்டினேன். அவ்வளவு தான், மீதியை அவங்களே பார்த்துக்கிட்டாங்க. 6 வயசுக்காரி பைனாகுலர வச்சுக்கிட்டு தரையில குப்புறப் படுத்து "ஆன்ட்டி, இதுல பிளவு இருக்கு, ஒட்டகச்சிவிங்கி இந்தப் பக்கம் தான் போயிருக்கு"ன்னு கத்தினதும் எல்லாரும் அவ பின்னாடியே ஓடினாங்க. முகமூடியைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினாங்க!

ஆனா அந்த சிங்க அட்டையில ஒரு தப்பு இருக்கு. நாலு விரலுக்கு முன்னாடியும் கூரா நகம் வரைஞ்சிருக்காங்க. சிங்கம் நடக்கறப்போ பூனை மாதிரி நகத்தை உள்ள இழுத்துக்கும், அதனால அதோட தடத்துல நகம் பதியாது, நாயோட தடத்துல தான் பதியும். சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குன்னு என் ஹஸ்பண்ட் கேட்டார், ஆனா எனக்கு மனசு ஒப்பல, இந்த வயசுல பார்க்கறது தான் அப்படியே மனசுல நிக்கும், அதனால ராத்திரி உட்கார்ந்து 6 அட்டையிலயும் நகத்தை கத்தரிச்சிட்டேன். அதே மாதிரி பேக்ட்ராப்ல சிங்கம், வரிக்குதிரைக்கு நடுவுல ஒரு புலி நிக்குது. ஆப்பிரிக்கக் காட்டுல புலியே கிடையாது, அது ஆசியாவுல மட்டும் தான் இருக்கு. பொண்ணுகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்போ புலி என் பர்த்டேக்கு வந்திருக்குமா"ன்னா. சரின்னு விட்டுட்டேன்.

யானைத் தடம் மட்டும் அட்டையில ரொம்ப சின்னதா இருந்துச்சு. ஆப்பிரிக்க யானையோட காலடி 40, 50 சென்டிமீட்டர் அகலம் வரைக்கும் வரும். பழைய நியூஸ்பேப்பர்ல 45 சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டி வழியோட கடைசியில போட்டேன், மூணு பசங்க அதுக்குள்ள ஒண்ணா ஏறி ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, மத்தவங்க "எனக்கு எனக்கு"ன்னு வரிசை கட்டிட்டாங்க. ஒட்டகச்சிவிங்கி நாக்கும் கிட்டத்தட்ட அதே 45 சென்டிமீட்டர் தான், கருநீலமா இருக்கும், அந்தக் கலர் பேப்பர்ல ஒரு பட்டை வெட்டிக் கொடுத்ததும் எல்லாரும் நாக்கை நீட்டி அளந்து பார்த்தாங்க. அப்புறம் கதவு நிலையில 6 அடிக்கு ஒரு கோடு போட்டு, பிறந்த ஒட்டகச்சிவிங்கிக் குட்டியே இவ்வளவு உயரம் இருக்கும்னு சொன்னேன். பொண்ணு அவங்க அப்பாவை இழுத்துட்டு வந்து நிக்க வச்சா, கோடு தலைக்கு மேல இருந்துச்சு. "அப்பாவை விட பாப்பா பெருசு!"ன்னு அன்னிக்கு பூரா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தா.

வால் ஒட்டற கேம் சுமார். கண்ணைக் கட்டறது 4 வயசுக்கு கீழ யாருக்கும் பிடிக்கல, அவங்க கையாலயே பொத்திக்க சொன்னா விளையாடறாங்க, விரல் இடுக்குல பார்த்தாலும் பார்த்துட்டுப் போகட்டும். கேக் டாப்பர் அட்டை தான், குச்சி கொஞ்சம் ஆடுது.

மொத்தம் ஒன்றரை மணி நேரம் தான் வச்சோம், இந்த வயசுக்கு அதுக்கு மேல வேண்டாம், கடைசி பத்து நிமிஷத்துலயே ரெண்டு பேருக்கு தூக்கம் வந்து சிணுங்க ஆரம்பிச்சுட்டாங்க. 5க்கு 3 ஸ்டார் தர்றேன். காலடித்தட அட்டை இல்லன்னா 2 தான் தந்திருப்பேன். அதை மட்டும் தனியா இன்னும் நிறைய அட்டையோட, காண்டாமிருகத்துக்கு மூணு விரல், நீர்யானைக்கு நாலு விரல்னு சேர்த்து வித்தாங்கன்னா நான் முதல் ஆளா வாங்குவேன்.

பேக்ட்ராப்பும் அட்டையும் கிழியாம இருக்கு. அடுத்த மாசம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 5 வயசு, அவங்க அம்மா கேட்டாங்க, நேத்து கொண்டு போய் கொடுத்துட்டேன், நியூஸ்பேப்பர் யானைக் காலையும் மடிச்சு உள்ள வச்சிருக்கேன்.