பழைய பிடியாணை: பொலிஸுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா?

லைசென்ஸ் இல்லாமல் ஆட்டோ ஓட்டிய வழக்கு. தவணைக்குப் போகாமல் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. அப்புறம் வந்த கடிதம் தோட்ட ஆபிசில் மொத்தக் கட்டோடு கிடந்திருக்கும்; லயத்துக்கென்று தனி முகவரி இருந்தால்தானே? இப்படித்தான் பலருக்குத் தெரியாமலே பிடியாணை விழுகிறது.

சும்மா இருந்துவிடலாம் என்பது முதல் யோசனை. பலன் இல்லை. நீதிமன்றம் மீளப்பெறும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை, பிடியாணை உயிரோடுதான் இருக்கும். 2023 டிசம்பரில் பொலிஸார் தொடங்கிய 'யுக்திய' தேடுதல் நடவடிக்கையில் போதைப்பொருள் சந்தேகநபர்களோடு பழைய பிடியாணைக்காரர்களும் அகப்பட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போதும் பழைய வழக்கு தலைகாட்டலாம்.

பொலிஸ் நிலையத்தில் போய் நிற்பது நேர்மையான வழிதான். ஆனால் பிடியாணை கையில் இருந்தால் அவர்கள் கைது செய்யத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் போனால் சனி, ஞாயிறு என்ன ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. பிணைக்கு ஆள் தேடி வீட்டார் அலைய வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. எந்த நீதவான் நீதிமன்றம், என்ன வழக்கு இலக்கம் என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் முதலில் கண்டுபிடியுங்கள். வழக்கு நுவரெலியாவிலா, ஹட்டனிலா என்பது நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்ததல்ல, சம்பவம் நடந்த இடத்தைப் பொறுத்தது. பிறகு சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை அழைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட்டு, கோர்ட் நாளில் நீங்களே சரணடையலாம். தானாக வந்தவர் என்பதை நீதவான் கவனிப்பார். பிடியாணையை மீளப்பெற்று, சின்னக் குற்றமென்றால் ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டி அன்றே வழக்கு முடிவதும் உண்டு. விளக்கமறியலுக்கு அனுப்பவே மாட்டார்கள் என்று யாரும் உறுதி தர முடியாது; அதனால் அடையாள அட்டையோடு பிணையாளர்களையும், கிராம சேவகரின் வதிவிடக் கடிதத்தையும் கொண்டு போங்கள். முன்பு உங்களுக்குப் பிணை நின்றவர் இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அழைப்பு போயிருக்கலாம்.

செலவுதான் இதில் குறை. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் கேட்கலாம். வழக்கு சிங்களத்தில் நடந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது சலுகை அல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை.

பிடியாணை மீளப்பெறப்பட்டதும் அந்தக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தின் பட்டியலில் உங்கள் பெயர் வெட்டப்படாமல் இருந்தால், சோதனைச் சாவடியில் காட்ட அதுதான் உதவும்.