ஆர்க்கிட்களுக்கு நடுவே பிங்குயிகுலா: மூன்று ஆண்டு அனுபவம்

என் ஆர்க்கிட் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மரப்பட்டைத் துண்டுகளின் இடுக்கிலிருந்து கரிய சிறு ஈக்கள் எழும்பிப் பறக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கொசுவைப் போன்ற மெல்லிய கால்களைக் கொண்ட இந்தப் பூஞ்சை ஈக்கள் யாரையும் கடிப்பதில்லை, செடியையும் தின்பதில்லை. கெடுதல் செய்பவை ஈரத்துக்குள் வாழும் அவற்றின் புழுக்களே. பளபளக்கும் கருந்தலையும் கண்ணாடி போன்ற உடலும் கொண்ட அப்புழுக்களின் முதன்மை உணவு பூஞ்சையும் மட்கிய பொருளும்தான் என்றாலும், எண்ணிக்கை பெருகிவிட்டால் இளம் வேர்நுனிகளையும் அவை விட்டுவைப்பதில்லை. ஆய்வகக் குடுவையிலிருந்து எடுத்து நட்டிருந்த, ஃபெலனோப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வகையின் நாற்றுகளில் நான்கை நான் அப்படித்தான் பறிகொடுத்தேன்.

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்க மனம் ஒப்பவில்லை. பசை தடவிய மஞ்சள் ஒட்டட்டைகள் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் பூக்களுக்கு நடுவே அவற்றை நிரந்தரமாக நட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே பூச்சிகளைப் பிடித்து உண்ணும் ஊனுண்ணித் தாவரங்களின் பக்கம் திரும்பினேன். வீனஸ் பூச்சிப்பொறிக்கு இந்த ஈ மிகச் சிறிய இரை. குடுவைச் செடியான நெப்பந்தஸின் குடுவைகளுக்கு எறும்புகளே பெரும்பாலும் சிக்குகின்றன. வலுவின்றித் தாழப் பறந்து, கண்ட இடத்தில் உட்காரும் ஈக்களுக்கு ஒட்டும் இலைகளே பொருத்தம் என்பதால், மெக்சிகோவைச் சேர்ந்த பிங்குயிகுலாச் செடிகள் ஆறும், பனித்துளிச் செடியான ட்ரோசெரா கேப்பென்சிஸ் இரண்டும் வாங்கினேன்.

பிங்குயிகுலா பிடிக்கும் விதத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் அதன் அருமை புரியும். இலைப்பரப்பெங்கும் காம்புள்ள சுரப்பிகள் குண்டூசி முனையளவுகூட இல்லாத பசைத்துளிகளை ஏந்தி நிற்கின்றன. ஈ வந்து உட்கார்ந்ததும் முதலில் கால்கள் ஒட்டுகின்றன. விடுவித்துக்கொள்ளத் திமிறும்போது இறக்கையும் படிந்துவிடுகிறது. சற்று நேரத்தில், காம்பில்லாத சுரப்பிகளிலிருந்து செரிமான நீர் ஊறி, ஈயைச் சுற்றி ஒரு சிறு குளம் போல் தேங்குகிறது. சில நாட்களில் எஞ்சுவது கரிய கூடு மட்டுமே. முதல் கோடையில் உள்ளங்கை அகலமே இருந்த ஒரு செடியின் ஒற்றை இலையில் 31 ஈக்களை எண்ணியிருக்கிறேன்.

இவ்வளவு பிடித்தும் முதல் இரண்டு மாதங்களில் ஈக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெண் ஈ 100 முதல் 200 முட்டைகள் வரை இடக்கூடியது. முட்டையிலிருந்து ஈயாவதற்கு மூன்று, நான்கு வாரங்களே போதும். இலையில் ஒட்டுகிற ஈ முட்டையிட்டு முடித்ததாகவும் இருக்கலாம். எந்தத் தொட்டியில் புழு இருக்கிறது என்றறிய, தோல் சீவிய உருளைக்கிழங்கு வில்லைகளைத் தொட்டியில் நிரப்பிய பட்டை அல்லது மண்ணின் மேல் கவிழ்த்து வைத்து, மூன்றாம் நாள் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஃபெலனோப்சிஸ் தொட்டியில் வைத்த வில்லையின் அடியில் புழுக்கள் நெளிந்தன. என்னைத் திடுக்கிட வைத்தது, தட்டில் தேங்கிய நீரில் நின்றிருந்த ட்ரோசெராவின் கரிமண்ணிலும் (பீட்) அதே புழுக்கள் இருந்ததுதான். ஈயைப் பிடிக்க வைத்த செடியின் தொட்டியே ஈ வளரும் இடமாகிவிட்டிருந்தது.

அந்த ஃபெலனோப்சிஸைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது உள்ளிருந்த மரப்பட்டை முற்றிலும் மட்கி, பிசைந்த களிமண் போல் விரலில் ஒட்டியது. அதன் பிறகே செய்ய வேண்டியதைச் செய்தேன். எல்லா ஆர்க்கிட்களுக்கும் புதுப் பட்டை மாற்றினேன். கொசுப் புழுவை அழிக்கப் பயன்படும் பி.டி.ஐ. என்னும் நுண்ணுயிரித் தூளை ஆறு வாரங்கள் பாசன நீரில் கலந்து ஊற்றினேன். ட்ரோசெராவின் மண்மீது கரடுமணலைப் பரப்பினேன். பிங்குயிகுலாக்களை, கரிமண் மிகக் குறைந்த, பெர்லைட் என்னும் லேசான வெண்துகளும் மணலும் சேர்ந்த கலவைக்கு மாற்றினேன். ஈக்களின் பெருக்கம் அடங்கியதற்கு முதற்காரணம் இந்த வேலைகள்தான். பிறகு வந்த சிற்சில ஈக்கள் மீண்டும் பெருகாமல் இன்றுவரை பார்த்துக்கொள்பவை பிங்குயிகுலாக்கள். அந்த வேலையில் அவற்றுக்கு ஈடாக வேறெதையும் நான் கண்டதில்லை.

ஆர்க்கிட்டும் இச்செடிகளும் அண்டை வீட்டாராக இருக்கலாம், ஒரே தொட்டியில் குடியிருக்க முடியாது. பாஃபியோபெடிலம் என்னும் இன்னொரு ஆர்க்கிட்டின் தொட்டி ஓரத்தில் நட்டுப் பார்த்த ஒரு பிங்குயிகுலா, ஆர்க்கிட்டுக்கு ஊற்றிய உர நீரால் சில வாரங்களில் அடி அழுகிப் போயிற்று. இலைவழி உரம் தெளிக்கும் நாட்களில் மற்ற பிங்குயிகுலாக்களை அப்புறப்படுத்தி வைக்கிறேன். அவற்றுக்கு மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் மட்டுமே கொடுக்கிறேன். வெளிச்சத்தைப் பொறுத்தவரை பிங்குயிகுலாவுக்கும் ஃபெலனோப்சிஸுக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. ட்ரோசெராவோ நேர்வெயில் குறைந்தால் பசைத்துளிகளை இழந்துவிடுகிறது, அந்த வெயில் ஆர்க்கிட் இலையைச் சுட்டுவிடும். ஆகவே அது சன்னல் ஓரத்திலேயே நிற்கிறது.

வாங்குமுன் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று, மெக்சிகோ பிங்குயிகுலாக்களின் ஓய்வுக்காலம். நாட்கள் குறுகி ஈரம் குறையும்போது அகன்ற இலைகள் மறைந்து, பசையற்ற, தடித்த சிறு இலைகள் கொத்தாக வருகின்றன. அம்மாதங்களில் அவை எந்த ஈயையும் பிடிப்பதில்லை. அப்போது நீரையும் குறைக்க வேண்டும். ஓய்வெடுக்காத ட்ரோசெராவும் ஓரிரு ஒட்டட்டைகளும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இலைகளில் ஒட்டியிருப்பவற்றை எண்ணிக் குறித்து வைக்கிறேன். வழக்கமாகச் செடிக்கு இரண்டோ மூன்றோ இருக்கும். இந்த வாரம் பாஃபியோபெடிலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செடியில் மட்டும் 11 இருந்தன. அந்தத் தொட்டியின் மேற்பட்டையைக் கிளறினால் மட்கிய வாடை வருகிறது. புதுப் பட்டையை ஊற வைத்திருக்கிறேன், நாளை காலை அதை மாற்றிவிடுவேன்.