"உள்ளே விட மாட்டேங்குது": லாகின் பிழையை எப்படிச் சொல்வது?

நான் பராமரிக்கும் தளங்களில் ஒன்று ஒரு சிறிய சேமிப்புச் சங்கத்துடையது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க வருவார்கள். அன்றைக்கே எனக்கு ஃபோன் வரும். "தம்பி, உள்ளே விட மாட்டேங்குது." திரையில் என்ன வந்தது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஏதோ நற்சான்றுகள் தவறுன்னு போட்டிருக்கு. நான் எந்தச் சான்றும் குடுக்கவே இல்லையேப்பா" என்றார். யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் குறிக்கும் 'கிரெடென்ஷியல்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே மாற்றி வைத்த புண்ணியவான் யார் என்று பழைய நிரலைத் தோண்டிப் பார்த்தேன். நான்தான்.

ஒரு சொல்லைத் திருத்த உட்கார்ந்தவன், லாகின் ஃபார்ம் முழுவதையும் பிரித்துப் போட்டேன். பிழையை என்னவென்று சொல்வது, எப்போது சொல்வது, எங்கே காட்டுவது, எத்தனை தடவை பொறுப்பது என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

மூடிச் சொல்வதா, திறந்து சொல்வதா

சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். "யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்பதோடு நிறுத்த வேண்டும், எது தவறு என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டுதலும் இதுவே. வேறெங்கோ கசிந்த மின்னஞ்சல் முகவரிகள் லட்சக்கணக்கில் திருடர்கள் கையில் இருக்கின்றன. "இந்த முகவரியில் கணக்கு இல்லை" என்று உங்கள் தளம் வாய்திறந்தால், முகவரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, யார் யாருக்கு அங்கே கணக்கு உண்டு என்று பட்டியலே எடுத்துவிடலாம். அப்புறம் அந்தப் பட்டியலுக்கு மட்டும் பாஸ்வேர்டு தேடினால் போதும்.

எதிர்க்கட்சியில், வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இருக்கிறது. இல்லாத யூசர்நேமைப் போட்டால், அந்தப் பெயர் இந்தத் தளத்தில் பதிவாகவில்லை என்கிறது. பெயர் சரியாக இருந்து பாஸ்வேர்டு மட்டும் தவறினால், இன்னாருக்கு நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு தவறு என்று பெயரோடு சொல்கிறது. யூசர்நேம் ரகசியமே இல்லை, பாஸ்வேர்டுதான் ரகசியம் என்பது அவர்களின் நெடுநாள் நிலைப்பாடு. கூகுள் இதையே இரண்டு திரையாகப் பிரித்துவிட்டது. முதலில் மின்னஞ்சல், அடுத்து பாஸ்வேர்டு. கணக்கு இல்லையென்றால் முதல் திரையிலேயே சொல்லிவிடும்.

எனக்கு வெகுகாலம் முதல் கட்சிதான் சரி என்று பட்டது. மூடிச் சொன்னால் பாதுகாப்பு, அவ்வளவுதான் என்று இருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது 2015-இல் ஆஷ்லி மேடிசன் தளத்தைப் பற்றி வெளிவந்த ஒரு விஷயம். திருமணமானவர்கள் ரகசியமாகப் பழக வழிசெய்து தரும் தளம் அது. அங்கே கணக்கு இருக்கிறது என்று தெரிந்தாலே குடும்பம் சிதறும். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பக்கத்தில் எந்த முகவரியைப் போட்டாலும், அது எங்களிடம் இருந்தால் ஒரு மின்னஞ்சல் வரும் என்று ஒரே பதிலைத்தான் காட்டினார்கள். வாசகத்தில் குறையே இல்லை. ஆனால் கணக்கு இல்லாத முகவரி என்றால் முகவரிப் பெட்டி பக்கத்தில் அப்படியே இருந்தது. கணக்கு உள்ள முகவரி என்றால் பெட்டி மறைந்துபோனது. பாதுகாப்பு ஆய்வாளர் டிராய் ஹன்ட் இதைப் படம்போட்டுக் காட்டினார். வாய் மூடியிருந்தது, முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

மூடிச் சொல்கிறேன் என்பவர்களில் பலர் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். லாகின் பக்கம் எதுவும் சொல்லாது. பக்கத்திலேயே இருக்கும் 'புதிய கணக்கு' பக்கம், "இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்று ஊருக்கே சொல்லும். அதை மூட வேண்டுமானால், பதிவு செய்பவர் யாராக இருந்தாலும் திரையில் "மின்னஞ்சலைப் பாருங்கள்" என்று மட்டும் காட்டி, ஏற்கெனவே கணக்கு இருக்கிற செய்தியை அந்த மின்னஞ்சலுக்குள் வைக்க வேண்டும். செய்யலாம். செய்தவர்களைத்தான் அதிகம் பார்த்ததில்லை.

நேரமும் காட்டிக்கொடுக்கும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிகிரிப்ட் போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக ஓடும்படி செய்யப்பட்டவை. கணக்கே இல்லையென்றால் சரிபார்க்க எதுவும் இல்லை, பதில் சட்டென்று வந்துவிடும். கடிகாரம் வைத்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் போதும். இதற்காகவே, தளம் எழுத உதவும் ஜாங்கோ என்ற கட்டமைப்பில், பயனர் இல்லாதபோதும் சும்மா ஒரு தடவை ஹாஷ் கணக்கை (பாஸ்வேர்டைத் திருப்ப முடியாத குறியீடாக மாற்றும் கணக்கை)ப் போட்டுவிட்டுத்தான் பதில் அனுப்புகிறார்கள். சொந்தமாக லாகின் எழுதுகிறவர்கள் இந்த வெட்டி வேலையை எழுத மறந்துவிடுவார்கள். நானும் மறந்திருக்கிறேன்.

இப்போது மறுபக்கம். நேர்மையான ஆளுக்கு மூடிய செய்தி படுத்தும் பாடு கொஞ்சமல்ல. வீட்டில் மூன்று மின்னஞ்சல் முகவரி இருக்கும். பையன் திறந்து கொடுத்தது ஒன்று, ஆபீசில் கொடுத்தது ஒன்று. சரியான பாஸ்வேர்டைத் தவறான முகவரியோடு பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பாஸ்வேர்டை மாற்றப் போவார். அதற்கான மின்னஞ்சலும் வராது, ஏனென்றால் அந்த முகவரியில் கணக்கே இல்லை.

கணக்கு இருப்பதே ரகசியமாக இருக்க வேண்டிய தளங்கள் உண்டு: வரன் தேடும் தளம், மனநல ஆலோசனை, கடன் செயலி, நோய் சிகிச்சை. அங்கே மூடித்தான் சொல்ல வேண்டும். பதிவு, பாஸ்வேர்டு மாற்றம், பதில் வரும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து மூட வேண்டும். மற்ற இடங்களில் திறந்து சொல்லலாம் என்பதே இப்போது என் கட்சி. எங்கள் சங்கத்தில் உறுப்பினர் எண்ணை வைத்துத்தான் லாகின். ஆண்டுக்கொரு முறை எண்ணும் பெயரும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகின்றன. பலகையில் இருப்பதைத் திரையில் மறைத்து யாரைக் காப்பாற்றப்போகிறேன்?

எப்போது சொல்வது

தட்டத் தட்டவே சோதிப்பது, பட்டனை அழுத்திய பிறகு பிரவுசரே சோதிப்பது, சர்வர் வரைக்கும் போய்விட்டு வந்து சொல்வது என்று மூன்று வழி. நீண்ட விண்ணப்பப் படிவத்துக்கு முதல் வழி உதவும். இரண்டே பெட்டி உள்ள லாகினுக்கு அது தொல்லை. மின்னஞ்சலில் மூன்று எழுத்து அடிப்பதற்குள் "முகவரி சரியில்லை" என்று சிவப்பாக நிற்பது, பேச வாயெடுக்கும்போதே குறுக்கே பேசுகிற ஆள் மாதிரி.

பிரவுசரின் சொந்தச் சோதனை இலவசம். ஒரு சொல் சேர்த்தால் வேலை முடிந்தது. ஆனால் அது காட்டும் குமிழி பிரவுசரின் மொழியில் வரும், உங்கள் தளத்தின் மொழியில் வராது. முழுக்கத் தமிழில் இருக்கும் பக்கத்தில் திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு வரி எட்டிப் பார்க்கும். படித்து முடிப்பதற்குள் மறைந்தும் போகலாம். பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்பு விதிகள், ஃபார்மில் நோவாலிடேட் போட்டு அதை அணைத்துவிடச் சொல்கின்றன. நானும் அணைத்துவிட்டேன். வெற்றுப் பெட்டியை மட்டும் என் சொந்த வரியில் உடனே சொல்கிறேன், மற்றதெல்லாம் சர்வரின் பொறுப்பு.

ஒன்று மட்டும் யாரும் செய்ய வேண்டாம்: லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு விதிகளைச் சோதிப்பது. "குறைந்தது எட்டு எழுத்து" என்பது பதிவு செய்கிற இடத்து விதி. அந்த விதி வருவதற்கு முன்பு ஆறு எழுத்தில் பாஸ்வேர்டு வைத்த பழைய உறுப்பினர், சரியான பாஸ்வேர்டோடு வாசலிலேயே நிற்பார்.

எங்கே காட்டுவது

மூலையில் தோன்றி மூன்று நொடியில் மறையும் டோஸ்ட் வேண்டாம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் போய்விடும். எண்ணும் பாஸ்வேர்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற செய்தி ஃபார்முக்கு மேலே. ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது அந்தப் பெட்டியோடு. சிவப்பு ஓரத்தை மட்டும் வைத்துப் பிழையைச் சொன்னால் நிறக்குருடு உள்ளவர்களுக்குப் போய்ச் சேராது, எழுத்திலும் சொல்ல வேண்டும். திரைவாசிப்பான் அந்த வரியைத் தானாகப் படிக்கும்படி அதற்கு 'அலர்ட்' என்ற ரோல் கொடுத்துவிட்டால், பார்வையில்லாதவரும் ஏன் எதுவும் நகரவில்லை என்று திகைக்க வேண்டியிருக்காது.

அடித்தது என்ன ஆகும்

பிழை வந்ததும் எல்லாப் பெட்டியையும் காலியாக்குவது ஒரு வழக்கம். எண்ணை அழிக்க எந்தக் காரணமும் இல்லை, அது அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டைச் சர்வர் திருப்பி அனுப்பக் கூடாது, அதனால் அது காலியாவது சரி. அதற்கு ஈடாக, அடிப்பதைக் காட்டும் கண் பட்டன் வேண்டும். நகலெடுத்த பாஸ்வேர்டை ஒட்டுவதைத் தடுக்கவே கூடாது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டின் விதிகள் இரண்டையும் ஆதரிக்கின்றன.

தவறுகள் பெரும்பாலும் விரலில்தான் நடக்கின்றன. ஃபோன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், பரிந்துரையைத் தொட்டால் கடைசியில் ஒரு இடைவெளியைச் சேர்த்துவிடும். எண்ணிலும் மின்னஞ்சலிலும் அந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம்; பாஸ்வேர்டில் வெட்டக் கூடாது, யாராவது வேண்டுமென்றே வைத்திருக்கலாம். ஃபேஸ்புக் இன்னும் ஒரு படி மேலே போனது. கேப்ஸ் லாக் மாட்டிக்கொண்டு பெரிய, சிறிய எழுத்துகள் தலைகீழாக மாறியிருந்தாலும், முதல் எழுத்து மட்டும் பெரிதாகியிருந்தாலும் உள்ளே விட்டது. பிழைச் செய்தியே தேவைப்படாமல் செய்வது அல்லவா கெட்டிக்காரத்தனம்!

தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள். 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஹாஷுக்கு வேறு வேறு. ஒரு கீபோர்டில் வைத்த பாஸ்வேர்டு இன்னொன்றில் "தவறு" ஆகிவிடும். ஹாஷ் செய்வதற்கு முன்பு இரு பக்கமும் யூனிகோடு வடிவத்தை ஒன்றாக்கிவிட வேண்டும். இன்னொன்று: பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 24 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி என்பதால், நீளமாக ஒரு முழுக் குறளையே வைத்தவரின் பாதிக் குறள் கணக்கிலேயே வராது.

பூட்டுவதா, மெதுவாக்குவதா

மூன்று தடவை தவறினால் கணக்கைப் பூட்டிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் சங்கத்திலும் அப்படித்தான் இருந்தது. உறுப்பினர் எண்கள் வரிசையாக இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். வேலையில்லாத ஒரு பையன் ஒன்றிலிருந்து முந்நூறு வரை எண்ணைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை எதையாவது அடித்தால், ஒரு மதியத்தில் சங்கம் முழுவதும் வெளியே நிற்கும். யார் கணக்கையும் அவன் திறக்கவில்லை, ஆனால் எல்லாரையும் நானே பூட்டிவிட்டேன்.

மெதுவாக்குவது மேல். ஐந்து தவறுக்குப் பிறகு முப்பது நொடி, அடுத்து ஒரு நிமிடம், அடுத்து இரண்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குவது. மனிதனுக்கு இது ஒரு டீ குடிக்கிற நேரம். ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டிய நிரலுக்கு ஆண்டுகள் போதாது. நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட விதியில், தொடர்ந்து தவறும் முயற்சிகளுக்கான உச்சவரம்பு 100. மூன்று எங்கே, நூறு எங்கே!

இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐ.பி. முகவரியை மட்டும் பார்த்துத் தடுப்பதிலும் ஒரு வம்பு உண்டு. மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே ஐ.பி.யின் பின்னால் வைத்திருக்கின்றன. ஒருவரின் தவறுக்கு முன்பின் தெரியாத இன்னொருவர் காத்திருக்க வேண்டிவரும். கணக்கு, ஐ.பி. இரண்டையும் சேர்த்து எண்ணுவது நல்லது. எதைச் செய்தாலும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். "பிறகு முயற்சிக்கவும்" என்றால் எப்போது? நாளைக்கா, அடுத்த மாதமா?

தவறு நம்முடையதாக இருந்தால்

டேட்டாபேஸ் படுத்துவிட்டபோது "பாஸ்வேர்டு தவறு" என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன. எந்தப் பிழை வந்தாலும் ஒரே இடத்தில் பிடித்து ஒரே வரியைக் காட்டும் சோம்பேறித்தனம்தான் காரணம். இன்னொன்று, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து லாகின் பட்டனை அழுத்துபவர். இதற்குள், ஃபார்மோடு சர்வர் அனுப்பிய பாதுகாப்பு டோக்கன் காலாவதியாகியிருக்கலாம். டோக்கன் பொருந்தாவிட்டால், லாரவெல் என்ற கட்டமைப்பு 419 என்று ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டும், ஜாங்கோ 403. இரண்டையும் பார்த்த பெரியவர் தளமே கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். புதிய டோக்கனோடு அதே ஃபார்மை, எண்ணை அழிக்காமல் திரும்பக் காட்டி, "பக்கம் நெடுநேரம் திறந்திருந்தது, பாஸ்வேர்டை மட்டும் மறுபடி அடியுங்கள்" என்றால் போதும். சில வரி நிரல்தான்.

இப்போது எங்கள் தளத்தில், எண் சரியாக இருந்து பாஸ்வேர்டு மட்டும் தவறினால் வருவது இது: "பாஸ்வேர்டு பொருந்தவில்லை. கண் படத்தைத் தொட்டு, அடித்ததைச் சரிபாருங்கள். மறந்துவிட்டதா? புதியது வைக்க இங்கே தொடுங்கள்." போன மாதக் கடைசியில் அதே பெரியவர் ஃபோன் செய்தார். பயந்துகொண்டே எடுத்தேன். உள்ளே போய்விட்டாராம், வட்டி ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்டார்.